அரிசிக்காக மூங்கில் வைக்காதீர்கள்

மூங்கில் கன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருகிறவர்கள் கொஞ்ச காலமாகக் கூடிவிட்டார்கள். முன்பெல்லாம் பந்தல்காலுக்கும் ஏணிக்கும் வெட்டிய மூங்கில்தான் கேட்பார்கள். இப்போது கன்று கேட்கிறார்கள். எதற்கு என்று விசாரித்தால் பாதிப்பேர் வாயில் வருவது மூங்கிலரிசி, அதாவது மூங்கில் பூத்து உதிர்க்கிற மணி. "மூட்டுவலிக்கு நல்லதாம்லா அண்ணாச்சி. குத்தாலத்துல என்ன விலைக்கு விக்கான் தெரியுமா? நாமளே நாலு தூர் வெச்சுக்கிட்டா என்ன?"

வையுங்கள். ஆனால் அரிசியை நம்பி வைக்காதீர்கள். இருபது வயதில் விதை போட்டவர் அறுபது அறுபத்தைந்தில் உலை வைக்கலாம், அதுவும் ஒரே ஒரு தடவை.

அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரை ஆற்றங்கரையிலும் கன்னடியன் கால்வாய்க் கரையிலும் நீங்கள் பார்க்கிற பழைய புதர்கள் பெரும்பாலும் முள்மூங்கில். எங்கள் வயலுக்கு மேற்கே நிற்பதும் அதுதான். முள்மூங்கில் வாழ்நாளில் ஒரு முறைதான் பூக்கும். அதற்கு 30-லிருந்து 50 ஆண்டுவரை ஆகும், பெரும்பாலும் 45-ஐ ஒட்டி என்பது காடு அறிந்தவர்கள் கணக்கு. பூக்கும் ஆண்டில் இலையெல்லாம் கொட்டிவிடும். கழியின் கணுதோறும் கொத்துக் கொத்தாகக் கதிர் தொங்கும். பூவென்றால் நிறமும் மணமும் எதிர்பார்க்கக் கூடாது. நெல்லும் கோதுமையும் எப்படிக் காற்றை நம்பிப் பூக்கின்றனவோ அப்படித்தான் இதுவும், புல் இனம்தானே. மணி முற்றிக் கீழே உதிர்ந்து முடிந்ததும் தூரோடு காய்ந்து சாகும். சேர்த்துவைத்த மாவுச்சத்து அத்தனையையும் விதையில் கொட்டிவிட்டு அதற்கு மேல் உயிரோடிருக்க ஒன்றும் மிச்சமில்லை.

நாற்றங்காலில் கன்று விற்கிறவர்கள் பலரும் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. மூங்கிலின் வயது விதை முளைத்த நாளிலிருந்து ஓடுகிறது. தாய்த்தூரின் கிழங்கை வெட்டி இன்னொரு இடத்தில் நட்டால் அந்த ஓட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்காது. நாற்பது வயதுத் தூரிலிருந்து எடுத்த கிழங்கு உங்கள் தோட்டத்தில் நேற்று வைத்ததாக இருக்கலாம், அதற்கு வயது நாற்பதுதான். தாய் பூக்கும்போது அதுவும் பூக்கும், தாயோடு அதுவும் போகும். கழிக்காகவும் நிழலுக்காகவும் வைக்கிறவர் விதைக் கன்று வாங்க வேண்டும், எந்த ஆண்டு விதை என்றும் கேட்க வேண்டும். சீக்கிரம் அரிசி பார்க்க நினைக்கிற குறுக்குவழிக்காரர் கிழட்டுத் தூராகத் தேடிக் கிழங்கு எடுக்கலாம்தான். ஆனால் அதன் பிறந்த ஆண்டு யாருக்குத் தெரியும்?

இன்னொரு சிக்கல், இப்போது கன்றாக விற்பதில் பெரும்பகுதி முள்ளில்லாத வகை. பால்கூவா என்பது அதில் முக்கியமானது. கழி பருமனாக வரும், வெட்டுவது எளிது, விலையும் போகும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பால்கூவா பூத்தாலும் மணி பிடிப்பதில்லை. பங்களாக்களின் வாசலில் அழகுக்கு நிற்கிற மஞ்சள் மூங்கிலும் அந்த விஷயத்தில் மலடுதான். அரிசிக்கென்றே வாங்கி அந்தக் கன்றை வைத்தவரிடம் இதைச் சொன்னால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

ஏன் இத்தனை ஆண்டு காத்திருக்கிறது என்பதற்கு டேனியல் ஜான்சென் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1976-இல் ஒரு விளக்கம் எழுதினார். ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் எலியும் பறவையும் பன்றியும் மிச்சம் வைக்காது. அதனால் ஒரு வட்டாரத்து மூங்கில் எல்லாம் பல காலம் பட்டினி போட்டுவிட்டு ஒரே நேரத்தில் கொட்டித் தீர்க்கின்றன. தின்கிற வாய்களெல்லாம் தின்று சலித்த பிறகும் தரையில் விதை கிடக்கும், அது முளைக்கும். மற்ற விளக்கங்களும் உண்டு. ஆனால் பூத்த காட்டுக்குள் நடந்தவர்கள் சொல்வதோடு ஒத்துப்போவது இதுதான்.

மூங்கில் பூத்தால் பஞ்சம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். கல்லிடைக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், "எங்க அய்யா காலத்துல மலையில பூத்துச்சாம். அந்த வருசம் எலி தின்னதுபோக நெல்லு வீடு வந்து சேரலன்னு சொல்லுவாவ" என்பார். எந்த வருசம் என்று கேட்டால் சிரிப்பார். மூடநம்பிக்கை என்று நான் தள்ளிவிட மாட்டேன். காட்டில் தீனி பெருகினால் எலி பெருகும், மூங்கில் விதை தீர்ந்ததும் அத்தனை எலியும் வயலுக்கு இறங்கும். மிசோரத்தில் இது வரலாறாகவே இருக்கிறது. அங்கே மலை முழுக்க நிற்கிற மூங்கில் 48 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும், அதற்கு மௌதாம் என்று பெயர். 1959-ஐ ஒட்டி அப்படிப் பூத்துப் பஞ்சம் வந்தது. அப்போது நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்புதான் 1961-இல் லால்டெங்காவின் மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966-இல் ஆயுதக் கிளர்ச்சி, 1986-இல் ஒப்பந்தம். ஒரு புல் பூத்ததில் தொடங்கிய கதை. அடுத்த பூப்பு 2006-லிருந்து 2008 வரை நடந்தபோது அரசாங்கம் கொன்ற எலியின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் காசு கொடுத்தது.

சரி, நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை பூக்கிற செடியின் அரிசி எப்படி வருசம் முழுக்கக் கடையில் கிடைக்கிறது? எல்லாக் காடும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. இந்த ஆண்டு ஒரு மலை, இன்னும் சில ஆண்டு கழித்து வேறொரு மலை. வயநாட்டுக் காடுகளில் 2010-க்குப் பிறகு நிறையப் பூத்தது. கல்மூங்கில் என்று இன்னொரு வகை கூட்டமாகவும் பூக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் பூக்கும். இப்படி எங்கோ ஓரிடத்தில் உதிர்ந்ததைக் காட்டில் வாழ்கிறவர்கள் தரையைப் பெருக்கி, மண்ணும் சருகும் நீக்கி, குத்திப் புடைத்து விற்கிறார்கள். அந்த வேலையைப் பார்த்தவருக்கு விலை பெரிதாகத் தோன்றாது. முள் உதிர்ந்து கிடக்கிற தரையில் குனிந்து கூட்டுவது சும்மா இல்லை. பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தருக்குக் கபிலர், உழவர் உழாமலே அந்த மலை தருகிற பயன் நான்கு என்று பட்டியல் போடும்போது முதலில் வைப்பது மூங்கில் நெல்லை. பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் அதன் பிறகுதான். முற்றுகைக்குள் அது எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை விளையும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூவேந்தர் காத்திருந்திருப்பார்கள்.

கடையில் வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளிச்சென்று பச்சை நிறத்தில் மூங்கிலரிசி என்று விற்பது மூங்கிலின் மணி இல்லை. சாதாரண வெள்ளை அரிசியில் மூங்கில் சாற்றை ஏற்றிய சரக்கு அது. நம் மலையில் விழுகிற மணி கோதுமை அளவில், ஒரு பக்கம் கோடு விழுந்து, மங்கிய செம்பழுப்பாக இருக்கும். கையில் அள்ளினால் ஒரே சீராக இருக்காது, குறுணியும் உமித்துண்டும் கலந்திருக்கும். சொளகில் போட்டு இரண்டு தடவை புடைத்தே தீர வேண்டும். பழைய சரக்கில் சிக்கு வாடை வரும், அதை வாங்காதீர்கள்.

இதை மருந்தாக விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தானியம் தானியம்தான், மாவுச்சத்துதான் மிகுதி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் மூங்கிலரிசி என்பதற்காகக் கூடுதலாக ஒரு கரண்டி போட்டுக்கொள்ளக் கூடாது. ருசிக்காகச் சாப்பிடுங்கள், ருசி இருக்கிறது. சொல்லப்போனால் அந்த ருசியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் வீட்டில் அதற்குப் பொருந்தியது உளுந்தஞ்சோறு. மூங்கிலரிசி மட்டும் போட்டால் பிடித்துக்கொண்டு கனமாக இறங்கும், அதனால் பாதி மூங்கிலரிசி, பாதி புழுங்கலரிசி. மூங்கிலரிசியை முந்தின இரவே ஊறப் போட வேண்டும், இது அவசரத்துக்கு வேகிற அரிசி இல்லை. தோல் உளுந்தை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்துக்கொள்ள வேண்டும். தோல் நீக்கிய வெள்ளை உளுந்து போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. குக்கரில் நல்லெண்ணெய் விட்டு, உரித்த பூண்டு ஒரு கை நிறைய, வெந்தயம் கொஞ்சம், சீரகம். மூங்கிலரிசியை மட்டும் நாலு விசில் வேகவிட்டு, பிறகு திறந்து புழுங்கலரிசியும் உளுந்தும் தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்து மறுபடி மூடினால் இரண்டும் ஒரு பதத்துக்கு வரும். ஒன்றாகப் போட்டால் ஒன்று குழைந்து மற்றது பல்லில் படும். தொட்டுக்கொள்ள எள்ளுத்துவையல். சுண்டவத்தல் குழம்பும் ஆகும். சொதி வேண்டாம். தேங்காய்ப்பாலின் மென்மைக்கு இந்த அரிசி முரட்டுத்தனமாக இருக்கிறது, சொதியும் கெடுகிறது, அரிசியும் கெடுகிறது.

காய்ச்சல் விட்ட வாய்க்குக் கஞ்சி. ஊறிய மணியைக் காயவைத்து ஒன்றிரண்டாக உடைத்து, சுக்கும் சீரகமும் பூண்டும் போட்டு நிறையத் தண்ணீரில் வேகவைத்தால் கோதுமைக் கஞ்சிக்கும் கேழ்வரகுக் கஞ்சிக்கும் நடுவில் ஒரு மணம் வரும். இனிப்பாக வேண்டும் என்கிறவருக்கு உடன்குடிக் கருப்பட்டி. வெல்லத்தைவிடக் கருப்பட்டிதான் இதோடு சேரும். எங்கள் ஆச்சி இருந்த காலத்தில் மாவாக்கிப் புட்டும் அவிப்பாள். ஆச்சியின் புட்டு என்னைவிட என் தம்பிக்குத்தான் பிடிக்கும், அவனே எழுதட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு வைக்காதே என்றால் என்ன நியாயம் என்று கேட்பீர்கள். அரிசி எங்கோ பூத்த காட்டிலிருந்து வரட்டும், காசு கொடுத்து வாங்குவோம். உங்கள் புதரில் ஆண்டுதோறும் சாப்பிடக் கிடைப்பது வேறு: குருத்து. எங்கள் மலையடியில் ஆனி ஆடிச் சாரலில் ஈரம் ஊறியதும் தரையைப் பிளந்துகொண்டு கூம்பாக வரும். ஐப்பசி கார்த்திகை மழையிலும் வரும். முழங்கால் உயரம் போவதற்குள் வெட்டிவிட வேண்டும். அதற்கு மேல் நார். மூங்கில் எழும்போதே இறுதிப் பருமனோடுதான் எழும், பிறகு உயரம் மட்டும்தான். சில மாதத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதனால் நேற்றுக் கறிக்கு ஆனது இன்று ஆகாமல் போவது சகஜம்.

வெட்டும்போது உறையில் இருக்கிற சுணை கையில் ஏறும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு உரிக்க வேண்டும். ஒவ்வொரு உறையாகக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக, அடுக்கடுக்காகத் தட்டுப் போட்டதுபோல் தண்டு. அடியில் கெட்டியான பகுதியைத் தள்ளிவிட வேண்டும்.

பச்சையாக வாயில் வைக்கக் கூடாது, இதில் விளையாட்டு வேண்டாம். குருத்தில் டாக்சிபில்லின் என்ற பொருள் இருக்கிறது. நறுக்கும்போதும் மெல்லும்போதும் அது உடைந்து சயனைடு வெளிவரும். மரவள்ளிக்கிழங்கிலும் இதே வகைச் சங்கதிதான், அதனால்தான் கிழங்கு அவித்த தண்ணீரைக் கொட்டுகிறோம். நல்ல வேளையாக டாக்சிபில்லின் சூட்டுக்கு நிற்காது. மெல்லிசாக நறுக்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அதையும் கொட்டி, மறுபடி ஒரு கொதி. கசப்பு இருக்கிறதா என்று ஒரு துண்டைச் சுவைத்துப் பார்த்து, இருந்தால் இன்னொரு கொதி. பாத்திரத்தை மூடாமல் கொதிக்க வையுங்கள். வெளியேறுகிற ஆவி வெளியேறிப் போகட்டும்.

அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். குடகில் இதைத் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பாக வைத்து மழைக்காலத்துக்குக் கொண்டாடிச் சாப்பிடுகிறார்கள். எங்கள் தாமிரபரணிச் சமவெளியில் பெரும்பாலான வீடுகள் இதைச் சமையலுக்குச் சேர்ப்பதில்லை. வாழைத்தண்டும் வாழைப்பூவும் இத்தனை மலிவாகக் கிடைக்கிற ஊரில் சுணைக்கும் கசப்புக்கும் யார் மெனக்கெடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நான் செய்வது எளிய பொரியல். கடுகு, உளுத்தம்பருப்பு, வத்தல் மிளகாய், கருவேப்பிலை, கடைசியில் தேங்காயும் சீரகமும் நசுக்கிப் போடுவது. சிறுபருப்போடு கூட்டு வைத்தாலும் நன்றாக வரும். மீன்குழம்பில் போட்டும் சாப்பிட்டிருக்கிறேன், புளி ஏறினால் தனி ருசி.

ஒன்று, எல்லாக் குருத்தையும் வெட்டக் கூடாது. அடுத்த தலைமுறைக் கழி அதுதான். பருவத்தின் கடைசியில் வருவன பெரும்பாலும் தானே அழுகிப் போகும். நெருக்கத்தில் இடமில்லாமல் முட்டிக்கொண்டு வருவனவும் உருப்படாது. கறிக்கு அவை போதும்.

இலைக்கும் ஊரில் கிராக்கி உண்டு. பசு கன்று போட்டதும் நஞ்சுக்கொடி விழ மூங்கில் இலை கொடுப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கை வைத்தியம். இரவு பதினோரு மணிக்குக்கூட டார்ச்சோடு வந்து கேட்டுவிட்டு ஒடிப்பார்கள், கேட்காமலும் ஒடிப்பார்கள். கொடுக்கிறேன். கூடவே, விடிந்தும் விழவில்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடு என்றும் சொல்லி அனுப்புகிறேன். கையை விட்டு இழுக்கிற வேலை வேண்டாம்.

திருநெல்வேலிக்காரனுக்கு மூங்கிலும் நெல்லும் ஒரே கோயிலுக்குள் இருப்பவை. நெல்லையப்பர் கோயிலின் தலவிருட்சம் மூங்கில். அரண்மனைக்குப் பால் சுமந்த ராமக்கோன் மூங்கில் காட்டில் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்து, கோபத்தில் கோடரியால் வெட்ட, ரத்தம் வந்து லிங்கம் வெளிப்பட்டதாகக் கதை. சுவாமிக்கு வேணுவனநாதர் என்ற பெயர் அதனால் வந்தது. அதே சுவாமிதான் வேதசர்மா காயப்போட்ட நெல்லை மழையில் நனையாமல் வேலி போட்டுக் காத்தார் என்பது இன்னொரு கதை. இரண்டும் புல்தான். மேலே மலையில் காணிக்காரர்கள் குடிசைச் சுவருக்கும் கூரைக்கும் பயன்படுத்துகிற ஈற்றையும் அதே இனம். அவர்கள் காட்டைப் பற்றி நான் அளக்கப்போவதில்லை, அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறுவனப் பொருளில் சேர்த்து அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். சுற்றுலா போகிறவர்கள் அங்கே மணி பொறுக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

எங்கே நடுவது? வாழைக்கு மேற்கே. ஆனி ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து அடிக்கிற அடியில் குலை தள்ளிய வாழை சாய்வதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வேர் வாழையின் உரத்தைத் தின்னும், நடுவில் இரண்டடி ஆழத்துக்கு ஓடை வெட்டிவிட வேண்டும். தூருக்குத் தூர் இருபதடி விடுங்கள். நம் முள்மூங்கில் கொத்தாகத்தான் பெருகும், சீன மூங்கில்களைப்போல் தரைக்கடியில் ஓடிப் பக்கத்து வயலில் எழாது. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும். அடிக்கிளை முள்ளை ஆண்டுதோறும் கழித்துவிடாவிட்டால் பிறகு உள்ளே கைவிட முடியாது. மூன்று வயது தாண்டிய கழியை மட்டும் வெட்ட வேண்டும். தேய்பிறையில் வெட்டு என்பார்கள், நான் பிறை பார்ப்பதில்லை. மழைக்காலம் கழிந்து வெட்டி, சில வாரம் குளத்துத் தண்ணீரில் அமுக்கிப் போடுகிறேன். மாவுச்சத்து கரைந்துவிட்டால் வண்டு துளைப்பது குறையும்.

விற்கப் போகிறவர் மட்டும் ஒன்று செய்ய வேண்டும். வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியர் எப்போதோ பிரித்துவைத்தார். வெள்ளைக்காரன் போட்ட 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றது. காட்டுக்கு வெளியே வளர்கிற மூங்கிலை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க 2017 ஆயிற்று. நம் மாநிலத்துக்கோ 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆகவே லாரி பிடிக்குமுன் சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு இது புல் என்று தொல்காப்பியம் சொன்னால் எடுபடாது.